முத்திரை குத்தியாச்சு, அதை எடுப்பது யார்?

கம்பைநல்லூரிலிருந்து பேசுகிறேன்.

நம்ம தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போன மண். மாடு மீட்கப் போய் விழுந்த வீரன் பெயர் என்ன, எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தப் பூசலில் பட்டான், எல்லாவற்றையும் கல்லில் வெட்டி ஊர்வெளியில் நட்டார்கள். வழிப்போக்கனும் பார்க்கலாம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் இன்றைக்கும் அந்தக் கற்களைப் பார்க்கலாம்.

இப்போது 1962-க்கு வாருங்கள். சீனாவுடனான போரில் நம் படைக்கு என்ன நேர்ந்தது என்று ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பகத் என்ற இரண்டு அதிகாரிகளை ராணுவம் நியமித்தது. 1963-இல் அறிக்கை தயார். 2010-இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, இது இன்றைக்கும் ராணுவ நடவடிக்கைக்குத் தொடர்புடையது, வெளியிட முடியாது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 2014-இல் நெவில் மாக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டார். உலகமே படித்தது. அரசு மட்டும் இன்னும் வெளியிடவில்லை. பனியில் விழுந்தவர்களின் வீட்டாருக்கு, நடுகல் சொன்ன அளவுகூட நம் அரசு சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஏன் இப்படி? வேர் வெள்ளைக்காரன் காலத்தில் இருக்கிறது. 1889-இல் ஒரு ரகசியச் சட்டம், 1904-இல் கர்சன் அதை இறுக்கினார், 1923-இல் இன்று நடப்பில் உள்ள அலுவல்சார் ரகசியச் சட்டம் வந்தது. ரகசியத்தை வெளியிட்டால் தண்டனை என்கிறது அந்தச் சட்டம். எது ரகசியம் என்று வரையறுக்கவே இல்லை. டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், ரெஸ்ட்ரிக்டட் என்று கோப்புகளைத் தரம் பிரிப்பது உள்துறை அமைச்சகத்தின் 1994-ஆம் ஆண்டுக் கையேடு. கான்ஃபிடென்ஷியல் என்பதைத்தான் நம் அலுவலகங்களில் 'மந்தணம்' என்கிறோம். அந்தக் கையேடு பொதுமக்கள் கைக்குக் கிடைப்பதில்லை. பூட்டு எப்படிப் போடுவது என்ற விதியே பூட்டுக்குள் இருக்கிறது.

மறுபரிசீலனைக்கு விதி இல்லாமலில்லை. 1993-இல் பொது ஆவணச் சட்டம், 1997-இல் அதன் விதிகள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ரகசியக் கோப்புகளைப் பார்த்துத் தரம் குறைக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். ஆனால் ஒரு கோப்பைத் திறந்துவிட்டுப் பிறகு சிக்கல் வந்தால் கேள்வி அவரை நோக்கி வரும். திறக்காமலே விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. எந்த அதிகாரி துணிவார்?

அமெரிக்காவில் 2009-இல் ஒபாமா பிறப்பித்த ஆணையில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. 25 ஆண்டு ஆனால் கோப்பு தானே திறக்கும்; திறக்கக் கூடாது என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். தவற்றையோ தலைக்குனிவையோ மறைக்க முத்திரை குத்தக் கூடாது என்றும் அதில் எழுதினார்கள். எதை ரகசியமாக்கலாம் என்ற வழிகாட்டிகளையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு துறையும் மறுஆய்வு செய்தாக வேண்டும்.

நம் பக்கமும் அசைவு உண்டு. தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் போட்டது, விலக்குகள் நிறைய இருந்தாலும். 2005-இல் மத்தியச் சட்டம். 2006-இல் வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1923 சட்டத்தையே நீக்கச் சொன்னது, அரசு ஏற்கவில்லை. 2021-இல் பாதுகாப்பு அமைச்சகம், போர் ஆவணங்கள் சாதாரணமாக 25 ஆண்டில் திறக்கப்பட வேண்டும் என்று கொள்கை வகுத்தது. நல்ல முன்னேற்றம். அந்த 1963 அறிக்கைக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை.

முத்திரை குத்தும் கையே அது விலகும் தேதியையும் எழுத வேண்டும். அந்த ஒரு வரி சட்டத்தில் ஏறட்டும்.

அதுவரை, 'இது மந்தணம்' என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. மறுத்தால், வெளியிடுவதால் காக்கப்படும் நலனுக்கு வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதானால் தகவலைத் தரலாம் என்கிற அதே சட்டத்தின் 8(2) பிரிவைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள்.