ஊரைவிட்டுப் போனவர்களிடம் விற்போம்

சின்ன வியாபாரத்துக்கு முகநூல், டிக்டாக், வாட்ஸ்அப் வழியாக எப்படி ஆள் பிடிப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நேரம் கொஞ்சம். அதனால் எனக்குப் பிடித்த இடத்தில்தான் நின்று பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

லாயாங் லாயாங் தெரியும்தானே? குளுவாங் மாவட்டம், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் நடுவே ரயில் பாதையோரம், சுற்றிலும் செம்பனை. அந்த வட்டாரத்தில் சிறு வியாபாரிகளோடு உட்கார்ந்தால் முதலில் வருகிற பேச்சு இதுதான்: “இங்க யாரு சார் வாங்கப் போறாங்க? பிள்ளைங்க எல்லாம் வெளிய போயிட்டாங்களே!”

உண்மைதான். ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், கோலாலம்பூர். விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் போனவர்கள் நாக்கை மாற்றிக்கொண்டா போனார்கள்? உலு ரெமிஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கு எங்கே குடியிருந்தாலும் தீபாவளிக்கு நெய் உருண்டை வேண்டும். அடுக்குமாடி வீட்டில் பயறு வறுத்து அரைக்க நேரம்தான் கிடையாது. உங்கள் முதல் வாடிக்கையாளர் அவர்தான். கடைத்தெருவில் நின்று தேடினால் கிடைக்க மாட்டார், கைபேசியில் கிடைப்பார்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, பலகாரம் செய்து விற்கிறவர். அவருடைய முகநூல் பக்கத்தைத் திறந்தால் குத்துவிளக்கு, மத்தாப்பு, தங்க எழுத்து, நடுவிலே ‘ஆர்டர் எடுக்கப்படும்’. கல்யாணப் பத்திரிகையோ என்று சந்தேகம் வந்துவிடும். கேட்பார் யாரும் இல்லை. “அக்கா, விளக்கை எல்லாம் எடுத்துடுங்க. நீங்க உருண்டை பிடிக்கிறதை உங்க மகனை விட்டு எடுக்கச் சொல்லுங்க” என்றேன். “ஐயோ, இந்தக் கைலியோடவா?” என்றார். கைலியோடுதான்!

நெய் உருண்டை பிடித்தவர்களுக்குத் தெரியும். முந்திரி பொரிந்த நெய்யைச் சூட்டோடு மாவில் ஊற்றி, கை சுடச் சுடப் பிடிக்க வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். அக்கா உள்ளங்கையை ஊதி ஊதிப் பிடிக்கிறார். “எங்கம்மா லயத்து வீட்டுல விறகடுப்புல வறுப்பாங்க, அந்த வாசம் இதுல முழுசா வராது, உண்மையச் சொல்லிடறேன்” என்கிறார். அவ்வளவுதான் காணொளி. கீழே முதலில் வந்தது ஆர்டர் இல்லை, விசாரணை! “நீங்க கிராணி வீட்டுக்குப் பின்னால இருந்தீங்களே, அந்த வீட்டுப் பொண்ணா?” ஒருவர் தன் தங்கையை இழுத்து விட்டார், தங்கை சிங்கப்பூரில் இருக்கிற அத்தை மகளை இழுத்து விட்டார். விசாரணை முடிந்த பிறகு போத்தல் போத்தலாக ஆர்டர். விளம்பரத்துக்கு ஒரு காசு செலவில்லை.

இது அக்காவின் அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாடே பார்த்த சுகு–பவித்ரா தம்பதியை மறந்திருக்க மாட்டீர்கள். பேராக் சுங்கை சிப்புட்டில், ஸ்டூடியோ எல்லாம் கிடையாது, எளிமையான ஒரு வீட்டுச் சமையலறை. பவித்ரா மலாயில் சரளமாகப் பேசியபடி சமைத்தார். மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் எல்லோருமே பார்த்தார்கள். அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் தன் உரையில் பவித்ராவின் பெயரைச் சொல்கிற அளவுக்கு அது போனது. தமிழில் மட்டும்தான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, நேயர்களே. பக்கத்து தாமானில் இருக்கிற மக்சிக்கும் முறுக்கு பிடிக்கும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. விலை கேட்டால் ‘பி.எம். தெப்பி’! தனியாக மெசேஜ் பண்ணு, சொல்கிறேன் என்கிற அந்தப் பழக்கம். விட்டுவிடுங்கள். இணைய வியாபாரத்துக்கு 2012-லேயே பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை வந்துவிட்டது. விற்பவர் பெயரும் முழு விலையும் பார்க்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். மீறினால் தனி ஆளுக்கு 50,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், விலை தெரியாத கடைக்குள் நீங்கள் நுழைவீர்களா?

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். அவசரமாகச் சொல்கிறேன்: எஸ்.எஸ்.எம். என்கிற நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிந்துகொள்ளுங்கள், சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளிதான், வியாபாரப் பெயர் வைத்தால் 60. முதல் போட வழியில்லாதவர்கள் தெக்குன் அலுவலகத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடனைப் பற்றிக் கேளுங்கள். கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள், எழுத வராவிட்டால் குரல் பதிவு போதும். இந்தத் தீபாவளிக்கு லாயாங் லாயாங் அடுப்புகளில் நாலைந்தாவது என் கைபேசியில் தெரிய வேண்டும். தெரிந்தால் முதல் போத்தல் எனக்கு, விலையை மட்டும் எழுதிவிடுங்கள்.