ஓட்டுவோர் கையிற் கைப்பேசி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எளியேனைப் புலவர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில் பேசுமாறு செயலாளர் பணித்தார். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆதலின், வண்டி ஓட்டுவோர் கைப்பேசியில் பேசுவதையும் அதைத் தடுக்க எழுந்த சட்டத்தையும் பற்றிச் சில சொல்ல முன்வந்தேன். இப்பொருளைத் தேர்ந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

எங்கள் ரயில்வேயில் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையத்துக்கு வண்டியைச் செலுத்த வேண்டுமாயின், டிரைவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும். இரு நிலையத்தாரும் தத்தம் கருவியை இயக்கி ஒத்துழைத்தாலன்றி அந்த இரும்புக் குண்டு வெளியே வாராது. டிரைவர் நல்லவரா, கவனமுள்ளவரா என்று அக்கருவி கேட்பதில்லை. விதியைக் கருவிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாலையிலோ விதி தாளில் இருக்கிறது, வண்டி மண்ணில் ஓடுகிறது.

தாளிலும் அது நெடுங்காலம் தெளிவாக இருக்கவில்லை. 2018 மே மாதத்தில் கேரள உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. காரோட்டியபடி கைப்பேசியில் பேசிய ஒருவர்மீது, பொதுமக்களுக்கு அபாயம் விளைத்தார் எனக் கேரளப் போலீஸ் சட்டத்தின் 118ஆம் பிரிவில் குற்றஞ் சாட்டியிருந்தார்கள். பேசியது ஒன்றனாலேயே அக்குற்றம் ஆகிவிடாது, தடுக்க வேண்டுமாயின் அவ்வாறு சட்டம் இயற்றப்பட வேண்டும் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அன்று பலர் அத்தீர்ப்பை எள்ளினர். நான் எள்ளவில்லை. எழுதாத விதியைப் படித்துக்காட்ட நீதிபதியால் எப்படி இயலும்? அலுவலகத்தில் இருப்பவனுக்கு இது நன்கு விளங்கும்.

மறு ஆண்டே பாராளுமன்றம் எழுதியது. 2019 செப்டம்பர் 1 முதல், கையிற் பிடித்த தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது அபாயகரமான ஓட்டுதல் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு பெயரிட்டே சொல்கிறது. முதற் குற்றத்துக்கு அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சிறையும் விதிக்கலாம். வழி காட்டும் படம் பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி, 2020 அக்டோபரில் விலக்கு அளித்தார்கள்.

பிறகு காமிரா வந்தது. கேரளம் முழுவதும் 726 காமிராக்கள் நிறுவி, 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். அவற்றுள் 675 காமிராக்கள் தலைக்கவசம், இருக்கைப் பட்டி, கைப்பேசி ஆகியவற்றைக் காண்பவை. கைப்பேசிக்கு 2,000 ரூபாய். தொகை பெரிதா சிறிதா என்று வாதிடுகிறோம். என் எண்ணத்தில் தொகையன்று பெரிது. அகப்படுவோம் என்ற நிச்சயமே மனிதனைத் திருத்துகிறது. காமிரா நிற்குமிடம் தெரிந்தவர் அங்கே மட்டும் கையைத் தாழ்த்திக்கொள்கிறார். கம்பம் தாண்டியதும் கை மீண்டும் காதுக்குச் செல்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஐந்து வினாடி கைப்பேசியைப் பார்த்தால், ஏறக்குறைய 83 மீட்டர் தூரம் பாதையைப் பாராமற் செல்கிறார். நான்கு ரயில் பெட்டிகளின் நீளம் அது! கைப்பேசி பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காதிற் கருவி மாட்டிப் பேசினாலும் பெரிய வேறுபாடில்லையாம், ஏனெனில் சிதறுவது கையன்று, கருத்து.

இனி என் காரணத்தைச் சொல்கிறேன். எனது சொந்த ஊர் கம்பம். ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களைக் கம்பம்மெட்டு வழியாக மலைக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்பை என் தம்பி ஓட்டுகிறான். இரண்டாண்டுகளுக்கு முன், ஏலக்காய் பறிக்கும் பருவத்தில், காலை ஏழு மணிக்கு அவனை அழைத்தேன். தீபாவளிக்கு அவன் குடும்பத்துக்கு ரயிலில் இடம் உறுதியாகிவிட்டது என்ற நற்செய்தி, வேறொன்றுமில்லை. "சொல்லுங்கண்ணே" என்றான். அடுத்துக் கேட்டது இரும்பு உரசும் ஓசையும் பெண்களின் கூக்குரலும். கொண்டையூசி வளைவில் வண்டி தடுப்புச் சுவரில் மோதியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஓர் அம்மையாரின் வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் காய் பறிக்கவில்லை.

அவ்வளைவில் காமிராவும் இல்லை, போலீசாரும் இல்லை. மருத்துவச் செலவைத் தம்பி ஏற்றான், பேச்சு முடிந்தது. மறுமுனையில் பேசியவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 184ஆம் பிரிவிலும் எனக்கு இடமில்லை. ஆயினும், முன்னொரு நாள் அழைப்பை எடுக்காததற்காக அவனைக் கடிந்துகொண்டவன் நான்தான். அதற்கு அஞ்சியே அன்று எடுத்தான். அம்மையாரைக் காணச் சென்றபோது, "டிக்கெட் கிடைச்சுதாங்கய்யா?" என்று அவர் வினவினார். நான் தலைகுனிந்து நின்றேன்.

மலைக்கு அப்பால் உறவினரை விட்டுவந்த நமக்குக் கைப்பேசியே துணை. அதனை அறவே விடுமாறு நான் சொல்லவில்லை. இப்பொழுது தம்பியை ஒன்பது மணிக்குப் பின்னரே அழைக்கிறேன். "வண்டியில் இருக்கிறாயா?" என்பதே என் முதற் கேள்வி, ஆம் என்றால் வைத்துவிடுகிறேன்.

செயலாளர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். இன்றிரவு விழா முடிந்து சில அன்பர்கள் வாளையாறு வழியாகவும் கோவிந்தாபுரம் வழியாகவும் தாமே வண்டியோட்டித் திரும்புவார்கள். "எங்கே வருகிறீர்கள்?" என்று கேட்டு அவர்களை எவரும் அழைக்க வேண்டாம் என்றும், வீடு சேர்ந்ததும் அவர்களே சொல்வார்கள் என்றும், உணவுப் பந்தியில் தாங்கள் அறிவிக்க வேண்டுகிறேன்.