தோற்றவர் ஒருவர், வென்றது கலை



1964ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள். தோக்கியோ நகரின் நிப்பான் புடோகான் மண்டபம் நிரம்பி வழிகிறது. ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய மூன்று தங்கப் பதக்கங்களையும் ஜப்பானியரே வென்றுவிட்டனர். எஞ்சியிருந்தது, எடை வரம்பு இல்லாத பிரிவின் இறுதிப் போட்டி. ஜப்பானின் அக்கியோ காமினாகாவை எதிர்த்து நின்றவர் நெதர்லாந்தின் ஆண்டன் கீசிங். ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம் கொண்டவர்.

ஒன்பது நிமிடங்களுக்குப் பிறகு கீசிங், காமினாகாவைத் தரையோடு அழுத்திப் பிடித்தார். ஆட்டம் முடிந்தது. அரங்கமே ஊமையானது, பலர் கண்ணீர் விட்டனர். மகிழ்ச்சி தாங்காத நெதர்லாந்து ரசிகர்கள் மேடையை நோக்கி ஓடி வந்தார்கள். கீசிங் என்ன செய்தார் தெரியுமா? கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். தோற்றவருக்கு முறைப்படி தலைவணங்கிய பிறகே மேடையை விட்டு இறங்கினார்.

பதக்கம் கைநழுவியது உண்மைதான். ஆனால் ஜப்பானியர் கற்றுக்கொடுத்த பண்பு அந்த அந்நியரின் கையில் உயர்ந்து நின்றதே, அதைத் தோல்வி என்று சொல்ல முடியுமா?

இந்தக் கலை பிறந்த கதையைச் சற்றுப் பார்ப்போம். 1876இல் சாமுராய்கள் பொது இடத்தில் வாள் ஏந்தத் தடை வந்தது. மேற்கத்திய மோகம் வளர வளர, ஜுஜுட்சு என்ற பழைய மல்லுக்கலை மதிப்பிழந்தது. அந்தக் காலத்தில்தான் ஜிகோரோ கானோ என்ற மெலிந்த இளைஞர், வலுத்த பையன்களிடம் அடிபட்டு அடிபட்டு, அந்தக் கலையைத் தேடிப் போனார். கற்றதை வடிகட்டினார். ஆபத்தான அடிகளைப் போட்டியிலிருந்து விலக்கினார். 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோவிலில், 12 பாய்கள் விரித்த சிறிய அறையில், கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21.

அங்கே எதிரியை வீழ்த்துவதற்கு முன், அடிபடாமல் விழுவதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். தானும் உயர்ந்து பிறரையும் உயர்த்த வேண்டும் என்பது கானோவின் கொள்கை. அந்த மனம் இருந்ததால்தான், ஒக்கினாவாவிலிருந்து கராத்தேயைக் கொண்டு வந்த கிச்சின் ஃபுனாகோஷியை 1922இல் அவர் கோடோகானுக்கே அழைத்துச் செய்து காட்டச் சொன்னார். ஜூடோவின் வெள்ளைச் சீருடையும் பட்டைகளும் கராத்தேக்கு வந்து சேர்ந்தது அந்த நட்பினால்தான்.

பிறகு கலை கடல் கடந்தது. கோடோகானில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியின் குடும்பம் வளர்த்ததே இன்றைய பிரேசிலிய ஜுஜுட்சு. லண்டனில் 1918இல் குன்ஜி கொய்சுமி புடோக்வாய் சங்கத்தைத் தொடங்கினார். 1935இல் பாரிஸ் சென்ற கவாய்ஷி, பல வண்ணப் பட்டைகளை அங்கே பரப்பினார். இன்று பதிவு பெற்ற ஜூடோ பயிற்சியாளர்கள் ஜப்பானைவிட பிரான்சிலேயே அதிகம். 2021இல் தோக்கியோவிலும், 2024இல் பாரிஸிலும் ஒலிம்பிக் கலப்புக் குழு இறுதிப் போட்டியில் ஜப்பானை வென்றது பிரான்ஸ்தான்.

நேயர்களே, ஜப்பான் உண்மையில் கவலைப்பட வேண்டியது இந்தத் தோல்விகளுக்காகவா? 1983 தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில், ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பயிற்சியின்போது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்களில் பலர் சரியாக விழக்கூடக் கற்காத புதியவர்கள், தலையில் அடிபட்டவர்கள். கானோ முதல் பாடமாக வைத்ததை, அவர் பிறந்த நாடே மறந்துபோனது!

ஆனால் திருந்தவும் அவர்களுக்குத் தெரிந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியை 2022இல் ஜப்பானிய ஜூடோ சம்மேளனமே நிறுத்தியது. பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடையைக் குறைப்பதும், பெற்றோரும் பயிற்றுநரும் நடுவர்மீது பாய்வதும் எல்லை மீறியதே காரணம்.

மாலை நேரங்களில் வெள்ளைச் சீருடை மாட்டிப் பிள்ளையைத் தற்காப்பு வகுப்புக்கு அனுப்பும் ஒவ்வொரு பெற்றோரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் "அடுத்த பட்டை எப்போது?" என்று கேட்பது வழக்கம். ஒரு நாளாவது, "இன்று எப்படி விழுந்தாய்? எப்படி எழுந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டை இடுப்போடு நின்றுவிடும். விழுந்து எழக் கற்ற பாடம் ஆயுள் முழுக்கக் கூட வரும்.