வையைக்குப் பண் வகுத்தவர்கள்



ஓமந்தைப் பக்கத்தாருக்கு ஆற்றைவிடக் குளமே நெருங்கியது. மாரி மழையில் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்ற செய்தி வந்தால் போதும். சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் சனம் குளக்கட்டுக்குப் போகும். தண்ணீரைப் பார்ப்பதுதான் அலுவல். மீன் பிடிக்கப் போகிறவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. பரிபாடலின் வையைப் பாடல்களை வகுப்பில் தொடங்கும்போது மாணவருக்கு இதைத்தான் நினைவூட்டுவேன்.

வையை மதுரை நகரின் ஆறு. மலையில் பெய்த மழை புதுப்புனலாக வந்திறங்கியதும் நகரமே கரைக்குத் திரள்கிறது. அரக்கு நிறச் சிவப்பு நீரை ஒருவர்மேல் ஒருவர் பீச்சுகிறார்கள். நண்டு, இறால், வாளை ஆகியவற்றைப் பொன்னாற் செய்து, விளைவு பெருகுக என்று வாழ்த்தி அலையில் இடுகிறார்கள். 20ஆம் பாடலிலே, தலைவி இழந்த வளையும் ஆரமும் ஒரு பரத்தையிடம் இருக்கக் கண்டு கரையில் பெரிய வாக்குவாதமே நடக்கிறது. கூட நின்றவர்களும் சமாதானம் பேச வந்தவர்களும் பாட்டுக்குள்ளேயே பேசுகிறார்கள். நீராடியோரின் வாசனைப் பூச்சும் தேனும் கலந்து ஆறு வழுவழுத்துப் போனதால் அந்தணர் அதில் வாய் கொப்பளிக்கவும் இல்லையாம். இது ஒரு துண்டுப் பாடல் தரும் செய்தி. நகரத்து ஆறு அழுக்காவது இன்று நேற்றைய சங்கதி அல்ல போலும்.

இப்பாடல்கள் ஆக்கப்பட்ட முறையை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். பெரும்பாலான பாடல்களின் கீழே பாடியவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணும் எழுதப்பட்டுள்ளன. 6ஆம் பாடலைப் பாடியவர் ஆசிரியன் நல்லந்துவனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் பாலையாழ். கரும்பிள்ளைப் பூதனார் பாடிய 10ஆம் பாடலுக்கும் இசை அவருடையதே. ஒருவர் ஆசிரியர், மற்றவர் வைத்தியர். நோயாளரைப் பார்த்துவிட்டு மாலையில் யாழோடு உட்கார்ந்தாரோ என்னவோ! சொல் ஒருவருடையது, இசை இன்னொருவருடையது, ஆரவாரம் ஊராருடையது. மூன்றும் சேர்ந்தே வையைப் பாட்டு ஆயிற்று.

பரிபாடல் 70இல் வையைக்கு உரியவை 26 என்று பழைய வெண்பா ஒன்று கணக்குச் சொல்கிறது. உ.வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தபோது நமக்குக் கிடைத்த 22இல் வையைப் பாடல்கள் எட்டே எட்டு. அந்த எட்டுக்கும் கூட இசை கிடைக்கவில்லை. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்ணின் பெயர் இருக்கிறது. நல்லச்சுதனார் எப்படிப் பாடுவித்தார் என்பதை இன்று யாராலும் பாடிக்காட்ட முடியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து இங்கு வந்து, பத்தாவதாகத் தங்கிய இடம் நந்திக்கடலோரத்து வற்றாப்பளை என்பது வன்னி மக்களின் நம்பிக்கை. அவள் கதையை முல்லைத்தீவுப் பகுதியார் கோவலன் கூத்தாக ஆடி வந்தனர். அதுவும் ஊர் கூடி ஆக்கிய கலைதான். அண்ணாவியார் சொல்லிக் கொடுப்பார், பிற்பாட்டுக்காரர் தாங்குவார், விடிய விடியச் சபை இருக்கும். 2009 வரை நடந்த இடப்பெயர்வுகளில் ஆட்கள் போனார்கள்; கொப்பிகளும் போயின. எஞ்சியவை சில அச்சாகின்றன, மகிழ்ச்சி. ஆனால் அவற்றுட் சிலவற்றில் பதிப்பித்தவர் பெயர் பெரிதாக இருக்கும், பாட்டைப் பாடிக் காட்டிய முதியவரின் பெயர் தேடினாலும் கிடையாது. மெட்டு என்னவென்று ஒரு வரி இராது. ஏட்டைப் பெயர்த்தெழுதிய பழையவர்கள் நல்லச்சுதனார் பெயரை விடாமல் எழுதினார்கள். அச்சு யந்திரம் வைத்திருக்கும் நாம் அந்த ஒரு வரிக்குக் கஞ்சத்தனம் காட்டுகிறோம்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும். வெளியூரில் இருப்போரும் வருவார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ கூத்துப் பாட்டுத் தெரிந்த பெரியவர் இருந்தால், பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலே அவரைப் பாடச்சொல்லிப் பதிந்து வையுங்கள். யாரிடம் பழகினார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.