அடுக்களையிலிருந்து அரங்குக்கு: அதன்பின் அடுக்களைக்குள் வந்தவர் யார்?

(திருவனந்தபுரத்தில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டைத் துப்புரவு செய்ய ஆள் வைத்துக் கொள்வதா, அவரவர் வீட்டை அவரவரே துப்புரவு செய்து கொள்வதா என்ற வினா நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் பெரும்பாலும் பணக் கணக்காகவே பேசப்படுகிறது. முற்போக்காளர்களின் வீடுகளில் அது மனச்சான்றின் கணக்காகவும் மாறுகிறது. ஆள் வைப்பது சுரண்டல், வைக்காதிருப்பதே நேர்மை என்பர் சிலர். ஓர் ஏழைக் குடும்பம் பிழைக்க வழி செய்கிறோமே என்பர் வேறு சிலர். இரு தரப்பினரும் வேலையின் போக்கைக் கவனிக்கத் தவறுகின்றனர். பெருக்கித் துடைக்கும் வேலை மறைந்து போவதில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகிறது. எவர் கைக்கு, எந்த நிபந்தனைகளின் பேரில் மாறுகிறது என்பதே ஆராய வேண்டிய பொருள்.

'அவரவரே' என்ற சொல்லுக்குள் இருப்பவர் யார்? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதும் அதற்கு மேலும் உடையவர்களில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் நாள்தோறும் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. அப்படி ஈடுபட்டவர்களிலும் ஒரு பெண் சராசரியாக 299 நிமிடங்களும் ஓர் ஆண் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 299 நிமிடங்கள் என்பது ஐந்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிடம் குறைவு. "ஆள் வைப்பதில்லை, எங்கள் வீட்டை நாங்களே பார்த்துக் கொள்கிறோம்" என்று பெருமையுடன் கூறும் தோழர் 'நாங்கள்' என்று யாரைக் குறிப்பிடுகிறார் என்பதை அவருடைய துணைவியாரிடம் கேட்டால்தான் தெரியும்.

கேரளத்தின் சமூகச் சீர்திருத்த வரலாற்றில் அடுக்களைக்குத் தனி இடம் உண்டு. வி.டி. பட்டத்திரிப்பாடு எழுதிய 'அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு' என்ற நாடகம் 1929இல் மேடையேறியது. மறைக்குடையின் கீழ் முடங்கிக் கிடந்த நம்பூதிரிப் பெண்களின் விடுதலையை அது முழங்கியது. 1948இல் அந்தர்ஜனங்களே கூடி உருவாக்கி நடித்த 'தொழில்கேந்திரத்திலேக்கு' அடுத்த அடியை எடுத்து வைத்து, பெண்ணின் விடுதலைக்குச் சொந்த உழைப்பும் சொந்த வருமானமும் வேண்டும் என்றது. இரண்டும் மகத்தான முன்னேற்றங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தர்ஜனம் அரங்குக்கு வந்தபின் அடுக்களை காலியாக இருந்துவிடவில்லை. முற்றம் கூட்டுவதும் பாத்திரம் துலக்குவதும் அதற்கு முன்பும் பிற சாதிப் பெண்களின் வேலைகளாகவே இருந்தன. அதன் பின்பும் அப்படியே தொடர்ந்தன. அவர்களுக்காக எவரும் நாடகம் எழுதவில்லை.

இன்றைய திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்திலும், 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கிலும் பல்லாயிரம் பெண்கள் பணிபுரிகின்றனர். பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் முதியோரும் இந்நகரில் ஏராளம். இவர்களின் அன்றாட வாழ்க்கை, காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நிற்கும் இன்னொரு பெண்ணையே சார்ந்திருக்கிறது. அவரைப் பலரும் 'சேச்சி' என்று விளிக்கின்றனர். அந்தப் பெண் வயதில் இளையவராக இருந்தாலும் இவ்விளி மாறுவதில்லை. தமிழ்நாட்டில் 'எங்கள் வீட்டுப் பெண் மாதிரி' என்பார்கள். அன்பு இருக்கட்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டா, உடல் நலமில்லாத நாளுக்கு ஊதியம் உண்டா, எவ்வளவு ஊதியம் என்பது எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், உறவுமுறை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்நகரின் பேரூர்க்கடை காவல் நிலையத்தில் 2025 ஏப்ரலில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வேலை செய்த வீட்டில் தங்கச் சங்கிலி காணவில்லை என்ற புகாரின் பேரில் ஒரு தலித் பெண் தொழிலாளி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இரவு முழுவதும் அங்கேயே வைத்து விசாரிக்கப்பட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது கழிவறைக்குப் போய்க் குடிக்கச் சொன்னார்கள் என்று அவர் பின்னர் கூறினார். சங்கிலியோ அந்த வீட்டிலேயே கிடைத்தது. பல வாரங்கள் அவர் விடாமல் முறையிட்ட பிறகு, மே மாதத்தில் உதவி ஆய்வாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அப்போது மாநிலத்தில் ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி. அதை மறைப்பதற்கோ மழுப்புவதற்கோ ஒன்றுமில்லை. வீட்டு உரிமையாளரின் சொல்லே சாட்சியம், வேலைக்கு வந்தவரின் சொல் ஐயத்துக்குரியது என்ற எண்ணம் ஆட்சி மாறினால் தானே மாறிவிடாது. அந்த எண்ணத்துக்குள் வர்க்கமும் சாதியும் ஒருங்கே இருக்கின்றன.

சட்டங்கள் இதில் எந்தப் பக்கம் நிற்கின்றன? பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருக்கும் வீட்டையும் பணியிடம் என்று ஏற்றுக் கொண்டது. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 'தொழில்' என்பதற்குத் தரும் வரையறையிலிருந்து வீட்டுப் பணியை வெளிப்படையாக விலக்கியுள்ளது. ஒரு சட்டத்தின்படி வீடு பணியிடம். மற்றொன்றின்படி அங்கே தொழிலே நடக்கவில்லை! வேலையிலிருந்து திடீரென்று நிறுத்தப்படும் பெண் தொழில் தகராறு எழுப்ப வழியில்லாமல் போவது இதனால்தான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை அதற்கு ஒப்புறுதி அளிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. நல வாரியம் உதவித்தொகை தரும். வேலை நேரத்தை வரையறுக்காது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் இயற்றுவதைப் பரிசீலிக்கக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. இதற்கிடையே, மலையாளிகளும் தமிழர்களும் கொடுமைக் கதைகளோடு மட்டுமே நினைவுகூரும் குவைத், 2015இலேயே 68ஆம் எண் சட்டத்தின் மூலம் வீட்டுப் பணியாளருக்கு வாராந்திர ஓய்வு நாளையும் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பையும் எழுத்தில் உறுதி செய்துவிட்டது. அங்கே நடைமுறை சட்டத்தைவிட வெகு தொலைவு பின்தங்கியிருக்கிறது என்பது உண்மையே. இங்கே பின்தங்குவதற்கும் நாடு தழுவிய ஒரு சட்டம் இல்லை.

மூலதனம் இத்துறையில் நுழைந்துவிட்ட செய்தியும் கவனத்துக்குரியது. 'உபரி மதிப்புக் கோட்பாடுகள்' நூலில் மார்க்ஸ் ஒரு வேறுபாட்டை விளக்குகிறார். ஒரு வீட்டில் சமைக்கும் சமையல்காரர் தம் எஜமானருக்கு உபரி மதிப்பை உருவாக்குவதில்லை. அதே சமையல்காரர் உணவு விடுதியில் சமைத்தால் விடுதி முதலாளிக்கு உருவாக்குகிறார். வேலை ஒன்றே, உழைப்பு உறவு வேறு. அர்பன் கம்பெனி 2025 மார்ச்சில் மும்பையில் 'இன்ஸ்டா மெய்ட்ஸ்' என்ற சேவையைத் தொடங்கி, அறிமுகச் சலுகையாக மணிக்கு 49 ரூபாய் என்று விளம்பரம் செய்தது. 'மெய்ட்' என்ற சொல் இழிவானது என்று எதிர்ப்பு எழவே பெயர் 'இன்ஸ்டா ஹெல்ப்' ஆயிற்று. சொல்லை மாற்றுவதில் நிறுவனத்துக்குச் சிரமம் ஏதும் இருக்கவில்லை. பழைய வீட்டு எஜமானிக்குப் பதிலாகக் கைப்பேசிச் செயலியும் நட்சத்திர மதிப்பெண்ணும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆயினும், சிதறிக் கிடந்த தொழிலாளர்களை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவதன் மூலம், அவர்கள் ஒன்றுசேர்வதற்கான அடித்தளத்தையும் மூலதனமே தன்னையறியாமல் அமைத்துக் கொடுக்கிறது.

கேரளத்தில் வேறொரு பாதையும் உண்டு. குடும்பஸ்ரீ பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை வீடு வீடாகச் சென்று மட்காத கழிவுகளைச் சேகரிக்கிறது. கட்டணத்தை உள்ளாட்சி அமைப்பு நிர்ணயிக்கிறது. வீட்டு உரிமையாளர் அந்தப் பெண்ணுக்கு எஜமானர் அல்லர். இந்தச் சிறு மாற்றத்தைப் பொறுக்க மாட்டாமலே முதலில் பல வீடுகள் கட்டணம் தர மறுத்தன, "எங்கள் குப்பையை எடுக்க நாங்கள் பணம் தருவதா?" என்று கேட்டன. 1919இல் எழுதிய 'மகத்தான தொடக்கம்' என்ற கட்டுரையில், பொது உணவகங்களையும் குழந்தைகள் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் இளந்தளிர்களாக லெனின் கண்டார். வீட்டு வேலையைத் தனிப்பட்ட பெண்ணின் தோளிலிருந்து இறக்கிச் சமூகத்தின் பொறுப்பாக்குவதே அவர் காட்டிய திசை. ஹரித கர்ம சேனையை அத்தகைய தளிர் என்று கொண்டாடிவிடவும் முடியாது. அதிலும் குப்பை அள்ளும் கை பெண்ணின் கையே. வருமானமும் போதுமானதாக இல்லை. ஆனால் கட்டணமும் ரசீதும் உள்ள உறவு, தயவும் பழம்புடவையும் உள்ள உறவைவிடப் பேரம் பேச எளிதானது.

அப்படியானால் கட்சி உறுப்பினரின் வீட்டில் என்ன நடக்க வேண்டும்? உடல் நலமும் நேரமும் உள்ள ஆண் தோழர், தாம் உண்ட தட்டையும் தாம் பயன்படுத்தும் கழிவறையையும் தாமே கழுவலாம்; அதற்குத் தத்துவப் பயிற்சி எதுவும் தேவையில்லை. முதியோரும், குழந்தைகளும், இரட்டை வேலையும் உள்ள வீட்டில் ஆள் வைத்துக் கொள்வதில் குற்றமில்லை. அந்த வீட்டுக்காரர் அப்போது ஒரு வேலையளிப்பவர் ஆகிறார். ஆலை வாயிலில் எட்டு மணி நேர வேலையும் போனசும் கோரி முழங்கும் தோழர், தம் வீட்டு வாயிலில் ஊதியத்தை எழுத்தில் தந்திருக்கிறாரா? வாரத்தில் ஒரு நாள் விடுப்பு தருகிறாரா? ஓணத்துக்கும் பொங்கலுக்கும் தருவதை அன்பளிப்பு என்கிறாரா, போனஸ் என்கிறாரா? குடும்பமே வெளியூர் சென்ற வாரத்துக்கான ஊதியத்தைப் பிடித்துக் கொள்கிறாரா? ஆண்டுதோறும் உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கும்போது கிளைகள் இவற்றையும் கேட்கலாம். கேட்டால் சில முகங்கள் சுருங்கும், சுருங்கட்டும்.

சங்கம் அமைப்பதில் இதனினும் எளிய ஒரு தடை இருக்கிறது. கூட்டங்கள் மாலை ஆறு மணிக்கு அழைக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் வீட்டுத் தொழிலாளி தம் சொந்த வீட்டில் அடுப்பு மூட்டிக் கொண்டிருப்பார்; அந்த வேலைக்கு ஆள் வைக்க அவரால் இயலாது. காலை வேலைகள் முடிந்து, மாலை வீட்டுக்குப் புறப்படும் முன் பிற்பகல் இரண்டு முதல் மூன்றரை மணி வரை அவருக்குச் சற்று இடைவெளி உண்டு. கூட்டத்தை அந்த நேரத்தில், அவர்கள் குடியிருக்கும் பகுதியிலேயே, குழந்தைகளையும் அழைத்து வரலாம் என்று சொல்லி நடத்த வேண்டும்.