முப்பது ரூபாய் குமாஸ்தாவும் அவருடைய நண்பர்களும்

(கார்வேட்டிநகரத்தில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையில் வேணுகோபால ஸ்வாமி சேவை ஆயிற்று. ஸ்கந்த புஷ்கரிணிப் படிக்கட்டில் எல்லோரும் போட்டோவும் எடுத்துக்கொண்டாயிற்று. ஜமீன் இருந்த ஊர் இது. சங்கீதக்காரர்களையும் பதம் எழுதினவர்களையும் வைத்து ஆதரித்த ஊர். சாரங்கபாணியின் பதங்களில் வரும் வேணுகோபாலன் முத்திரை, நீங்கள் காலையில் சேவித்த பெருமாள்தான். 1960-ல் எல்லை பிரித்தபோது பக்கத்துத் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போயிற்று. நாங்கள் ஆந்திராவில் இருந்தோம். 2022-ல் திருப்பதி தனி ஜில்லா ஆனபோதும் எங்கள் ஊர் சித்தூரோடுதான். ஆகையால் எங்களுக்கெல்லாம் அகத்தில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஆபீஸ் பைலில் இங்கிலீஷ்.

ஊர்ப் பெருமை போதும். சென்ற சந்திப்பில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. பெங்களூரில் நல்ல கம்பெனி, கைநிறையச் சம்பளம். "மாமா, நாள் பூரா எக்ஸெல் ஷீட்டில எண்களை இங்கேர்ந்து எடுத்து அங்கே போடறேன். ராத்திரி ரூமுக்கு வந்தா பேச ஒருத்தர் கிடையாது. படிச்ச கணக்கெல்லாம் மறந்துபோயிண்டிருக்கு. வேலையை விட்டுடலாமான்னு இருக்கு" என்றான். பெயர் சொல்லமாட்டேன், மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

நானும் குமாஸ்தாவாக ஆரம்பித்தவன்தான். 1977-ல் சித்தூரில் ஒரு ஆபீஸின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். லெட்ஜர் போஸ்டிங், வவுச்சர் சரிபார்ப்பது, மாசக் கடைசியில் பத்து பைசா வித்தியாசத்துக்காக விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்து கூட்டல் போடுவது. ஒரே ரூமில் நாலு பேர். அதில் மூன்று பேருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. என் தகப்பனார் காலமான தந்தி வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. ரூம்மேட் ஒருவன், ரெட்டி வீட்டுப் பிள்ளை, ரோட்டில் நின்று லாரியை மறித்து, என்னோடு இந்த ஊர் வரை வந்துவிட்டுக் காலையில் திரும்பினான். நான் காரியங்களை முடித்துப் போகும்வரை என் லெட்ஜரையும் அவனே எழுதி வைத்திருந்தான். ஒரு பக்கம்கூடப் பாக்கியில்லை. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு.

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல என் கதை போதாது. அதனால் இன்னொரு கணக்குப் பிரிவு குமாஸ்தாவைப் பற்றிச் சொல்கிறேன். கணித மேதை ராமானுஜன்தான். மேதை என்பதை இன்றைக்கு ஒரு ஓரமாக வைத்துவிட்டு, 1912 மார்ச் 1-ம் தேதி சென்னைப் போர்ட் டிரஸ்டில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் மூன்றாம் வகுப்பு, நாலாம் கிரேடு குமாஸ்தாவாகச் சேர்ந்த இருபத்துநாலு வயசுப் பையனை மட்டும் பாருங்கள்.

அதற்கு முன் அவர் பட்டது கொஞ்சமல்ல. கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1909-ல் கல்யாணம். கையில் இருந்தது நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே. 1910-ல் திருக்கோவிலூருக்குப் போய், டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம் தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ஐயர் 1907-ல் கூத்தியில் இருந்தபோது கணிதச் சங்கத்தைத் தொடங்கினவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவுடனே விஷயம் தெரிந்துவிட்டது. இப்பேர்ப்பட்ட புத்தியைத் தாலுகா ஆபீஸில் போட்டு அழுத்த மனம் வரவில்லை என்று வேலை கொடுக்க மறுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு வழியில்லாதவனிடம் "உனக்கு இந்த வேலை தகாது" என்று சொல்வது ரொம்பச் சுலபம். ஆனால் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. சென்னையில் இருந்த பி.வி. சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்தார். அதிலிருந்து நெல்லூர் கலெக்டர் ராமசந்திர ராவ் வரைக்கும் வழி பிறந்தது. ராவ் மாசம் இருபத்தைந்து ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். ஆனால் ஒருவருக்குப் பாரமாக இருப்பதில் ராமானுஜனுக்குச் சம்மதமில்லை. அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் இருபது ரூபாய்க்குச் சில வாரம் வேலை பார்த்தார். பிறகுதான் போர்ட் டிரஸ்ட்.

அங்கே அவருக்கு மேல் இருந்தவர் எஸ். நாராயண ஐயர். ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. கணிதத்தில் எம்.ஏ.; திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். என்னைக் கேட்டால் இந்தக் கதையில் பெரியவர் இவர்தான். மேதையாகப் பிறப்பது நம் கையில் இல்லை. நாராயண ஐயராக இருக்க முடியுமா என்பதைத்தான் நாம் யோசிக்கவேண்டும்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்தால், மேலதிகாரியும் கடைசி கிரேடு குமாஸ்தாவும் பைகிராப்ட்ஸ் ரோடில் ஐயர் வீட்டு மாடியில் ஆளுக்கொரு ஸ்லேட்டோடு உட்காருவார்கள். பலநாள் பாதிராத்திரி நெருங்கும்வரை பலப்பச் சத்தம் கேட்குமாம். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாததால்தான் ஸ்லேட். ராமானுஜன் இரண்டு படியில் முடித்துவிடுவார், ஐயருக்கே புரியாது. "எனக்கே புரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும்? நடுவில் உள்ளதையெல்லாம் எழுது" என்று விடாமல் வற்புறுத்தினார். கெட்டிக்காரப் பையனைத் தட்டிக்கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். "நீ சொல்வது விளங்கவில்லை, மறுபடி சொல்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர் அபூர்வம்.

வேலை நேரத்தில் ராமானுஜன் துறைமுகத்தில் கிடக்கும் பொட்டலம் கட்டும் தாளைத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்ததை ஒரு சிநேகிதர் பார்த்திருக்கிறார். ஆபீஸுக்குப் போகுமுன் கணக்கு, திரும்பி வந்ததும் கணக்கு. நடுராத்திரியில் எழுப்பிவிடும்படி தாயாரிடம் சொல்லி வைப்பாராம். சம்சாரம் ஜானகிக்கு அப்போது பதின்மூன்று வயதுதான். சாப்பாட்டுக்காகக் கணக்கை நிறுத்தக்கூடாதென்று வீட்டுப் பெண்மணிகள் சாதத்தைப் பிசைந்து கையில் வைப்பார்களாம். மேதையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கைகளை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ஜினீயர். அவரிடம் ராமானுஜனின் பெருமையை எடுத்துச் சொன்னவரும் நாராயண ஐயரே. 1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் வருஷத்துக்கு இருபது பவுண்டு வாங்கும் குமாஸ்தா என்றுதான் அதில் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். உத்தியோகத்தை அவர் மறைக்கவில்லை. முன்னால் இங்கிலாந்தில் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலனில்லை. ஹார்டி பிப்ரவரி 8-ம் தேதியே பதில் எழுதினார். அதே மாதக் கடைசியில் சிம்லாவிலிருந்து கில்பர்ட் வாக்கர் போர்ட் டிரஸ்டுக்கு வந்தார். வானிலை இலாகாத் தலைவர், நல்ல கணித அறிஞர். நோட்டைப் பார்த்துவிட்டு உடனே யூனிவர்சிட்டிக்குச் சிபாரிசு எழுதினார். மே 1-ம் தேதியிலிருந்து மாசம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை. ஆக, ஆபீஸில் உட்கார்ந்தது பதினாலு மாதம்தான்.

இன்னொரு சிநேகிதரையும் சொல்லவேண்டும். போர்ட் டிரஸ்டுக்கு முன்பு, சென்னையில் கடுமையாக நோய்ப்பட்டபோது கல்லூரித் தோழர் ராதாகிருஷ்ண ஐயர்தான் அவரைத் தம்மோடு வைத்துப் பார்த்து, டாக்டரிடம் காட்டி, கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். வண்டி ஏறுமுன் ராமானுஜன் தம் நோட்டுகளை அவர் கையில் கொடுத்து, தான் பிழைக்காவிட்டால் பச்சையப்பன் கல்லூரி சிங்காரவேலு முதலியாரிடமோ கிறிஸ்தவக் கல்லூரி எட்வர்ட் ராஸிடமோ சேர்த்துவிடச் சொன்னார். அந்த நோட்டுகளின் கதி அந்த ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு நண்பன் கையில் இருந்தது. பெயர்களையும் கவனியுங்கள்: ஐயர், ராவ், முதலியார், வெள்ளைக்காரர். நம்மவர்கள் மட்டுமே போதும் என்று அவர் இருந்திருந்தால் கதை வேறாகப் போயிருக்கும்.

1914 மார்ச் 17-ம் தேதி நெவாசா கப்பலில் புறப்பட்டார். புறப்படுமுன் நாராயண ஐயரும் அவரும் ஸ்லேட்டுகளை மாற்றிக்கொண்டதாக ஐயர் குடும்பத்தில் சொல்வதுண்டு. ராமானுஜனின் ஸ்லேட் தம்மிடம் இருந்தால் தமக்கும் ஏதாவது தோன்றும் என்றாராம் ஐயர். 1920 ஏப்ரல் 26-ல் ராமானுஜன் சென்னையில் காலமானார். வயது முப்பத்திரண்டு.

மூன்றாவது வரிசைக்கு வருகிறேன். வேலையை விடு என்றோ விடாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. அது உன் அப்பா அம்மாவோடு பேசவேண்டிய விஷயம். ஆனால் எக்ஸெல் ஷீட் உன் கணக்கைத் தின்றுவிட்டது என்று சொல்கிறாயே, அதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ராமானுஜனுக்கும் பகலெல்லாம் கணக்குப் புஸ்தகம்தான். உனக்கில்லாதது அந்த மாடியும் எதிரில் ஒரு ஸ்லேட்டும். இதை உனக்காக மட்டும் சொல்லவில்லை, இங்கே முன்வரிசையில் இருக்கும் எங்களுக்காகவும் சொல்கிறேன். பாங்கிலும் ரயில்வேயிலும் காலேஜிலும் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆகி, சாயங்காலத்தை சீரியலுக்குக் கொடுத்துவிட்டோம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைத்தால் என்ன? காப்பி கொடுக்க முடியாதென்றால் பரவாயில்லை, மோர் கொடுக்கலாம். பையன் நம்மவனா என்று கேட்காமல், கூட வரும் ரூம்மேட்டையும் சேர்த்து உட்கார வையுங்கள்.

காலையில் இதைச் சொன்னபோது பெங்களூரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் இருவர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். மல்லேஸ்வரத்தில் ஜாகை. மூன்றாவது வரிசைக்காரர் கிளம்புமுன் விலாசத்தை வாங்கிக்கொள்ளட்டும்.