செத்த பிறகு நாலு லட்சமா?

ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தறிக்காரத் தம்பிகளே!

"கோயமுத்தூருக்கு ஏ.சி. எதுக்குங்க?" என்று இன்னமும் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத்தான் செய்கிறது. அது யார் வீட்டுக்குள் வருகிறது என்பதுதான் என் கேள்வி. 2024 கோடையில் ஈரோட்டு வெயில் 42 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அந்த வருசம் உலகத்தின் சராசரிச் சூடே, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறிவிட்டதாக உலக வானிலை அமைப்பு சொன்னது. ஒன்றரை டிகிரிதானே என்று சிரிக்கிறவர் சோமனூருக்கோ பல்லடத்துக்கோ வரட்டும். மத்தியானம் ரெண்டு மணிக்குத் தறிக்குடோனுக்குள் நிற்கட்டும்.

மேலே சிமெண்ட் ஷீட். காற்று காய்ந்தால் பாவு நூல் அறும். அதனால் ஜன்னலைச் சாத்தித் தரையில் தண்ணீர் தெளிக்கிறோம். நூலுக்கு ஈரம் கிடைத்துவிடுகிறது. ஆளுக்கு? அந்தப் புழுக்கத்தில் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு எந்த வழியாக இறங்கும்? கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள் என்கிறார் டாக்டர். நல்ல யோசனைதான். கூலி மீட்டர் கணக்கில் என்று அவருக்கு யார் சொல்வது? ராத்திரி தறி ஓட்டியவன் லைன் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே ஷீட். அவன் தூங்க வேண்டிய நேரமே உச்சி வெயில் நேரம்.

வெயிலோ மழையோ, எல்லாவற்றுக்கும் இயற்கைச் சீற்றம் என்று ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் நடூரை மறந்துவிட்டீர்களா? 2019 டிசம்பர் 2 விடியற்காலை, கொட்டிய மழையில் ஏறத்தாழ 20 அடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து, அருந்ததியர் குடியிருப்பில் 17 பேர் உறக்கத்திலேயே மாண்டார்கள். மழை கொன்றது என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் அதே மழைதானே பெய்தது? அங்கே ஒருவரும் சாகவில்லையே! காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இனி பெய்தால் மூர்க்கமாகத்தான் பெய்யும். சுவர்களோ அப்படியே நிற்கின்றன.

சூடு தணிய மரம் நடச் சொல்கிறார்கள், நடுவோம். மேட்டுப்பாளையம் ரோட்டை அகலப்படுத்த வெட்டிய மரங்களின் நிழல் நம் பேரன் காலத்துக்காவது திரும்பட்டும்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். வரவேற்கிறேன். ஆனால் குடோனுக்குள் சுருண்டு விழுந்தவனின் சாவை வெயில் சாவு என்று எழுதுவார்களா, மாரடைப்பு என்று எழுதுவார்களா? உயிரோடு இருக்கும்போது அவனுக்கு என்ன தருகிறீர்கள்? கடையில் நிற்கும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. இருக்கைக்குச் சட்டம் வந்தால் கூரைக்கு ஏன் வரக்கூடாது?

பத்துத் தறி வைத்திருப்பவர்மேல் பழிபோட நான் வரவில்லை. அவரும் நம்மோடுதான் வேகிறார். பாவும் நூலும் கொடுத்துத் துணியை வாங்கிப்போகும் ஜவுளி உற்பத்தியாளரைக் கேட்கிறேன். கூலி உயர்வுக்காக 2022-லும் 2025-லும் இந்த வட்டாரத்தில் தறிகள் நின்றன. அடுத்த கூலி ஒப்பந்தத்தில் ரெண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். வெயில் உச்சத்தில் தறி நிற்கும் மணி நேரத்துக்கும் கூலி உண்டு. கூரையை மாற்றும் செலவில் உங்களுக்கும் பங்கு உண்டு. எழுத மாட்டோம் என்றால், சித்திரை பிறக்கும் முன்பே தறியை நிறுத்துவோம்!